கிணற்றுக்குள் டார்ச் லைட்: நம்பி இறங்கலாமா?

சிவகங்கை,–
கிணற்றில் குடம் விழுந்தால் பாதாளக் கரண்டி போதும். துழாவி எடுத்து விடலாம். காதில் கிடந்த தோடு விழுந்தால்? இடுப்பில் செருகிய சாவிக்கொத்து விழுந்தால்?

"ஆச்சி, கொஞ்சம் பொறுங்க. நான் முங்கி எடுத்துட்டு வந்திடுறேன்" என்று யாராவது ஒருவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பி விடுவார். கையில் ஒரு டார்ச் லைட். "வாட்டர் புரூப்" என்று கடையில் சொல்லிக் கொடுத்தது.

கிணற்றில் 20 அடி தண்ணீர். பாதி ஆழம் போவதற்குள் லைட் பொசுக்கென்று அணைந்து விட்டால் என்ன ஆகும்? சுற்றிலும் கும்மிருட்டு. எது மேல், எது கீழ் என்று புரியாது. மூச்சு முட்டும். கை சுவரைத் தேடும்.

தோடு போனால் வேறு தோடு வாங்கலாம். ஆள் போனால்?

சிவகங்கைச் சீமையில் தண்ணீர் இல்லாத ஊர் உண்டா? காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் கிணறு உண்டு. ஊருக்கு ஊர் ஊருணி, கண்மாய். சிவகங்கை நகரின் நடுவிலே தெப்பக்குளம். ஆகவே, தண்ணீருக்கு அடியில் எரியும் விளக்கைப் பற்றி எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வாங்குகிறவர் மட்டும் அல்ல, விற்கிற கடைக்காரரும்தான்.

கடைசி எண்ணைப் பாருங்கள்!

"வாட்டர் புரூப்" என்ற வார்த்தையை நம்பக் கூடாது. பெட்டியில் "ஐ.பி." என்று போட்டு எண் இருக்கும். அதில் கடைசி எண்தான் தண்ணீர்க் கணக்கு.

கடைசி எண் 4 என்றால், தண்ணீர் தெறித்தால் தாங்கும். மழைக்குச் சரி. கிணற்றுக்குச் சரி அல்ல.

கடைசி எண் 7 என்றால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். அதாவது மூன்றேகால் அடி. தொட்டியில் தவறி விழுந்தால் பிழைக்கும். அவ்வளவுதான்.

கடைசி எண் 8 என்றால், அதற்கும் மேலே தாங்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரித்த கம்பெனி சொல்ல வேண்டும். சொல்லவில்லையா? வாங்காதீர்கள்.

முங்குகிறவர்களுக்கென்றே செய்யப்படும் லைட்டில் ஆழத்தை மீட்டர் கணக்கில் போட்டிருப்பார்கள். அதுதான் தண்ணீருக்கு அடியில் கொண்டு போகிற லைட். மற்றவை எல்லாம் கரையில் பிடிக்கிற லைட்.

அரை மூட்டை பாரம்

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு கணக்கு?

தண்ணீருக்குக் கனம் உண்டு. 10 மீட்டர், அதாவது 33 அடி இறங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 1 கிலோ பாரம் கூடுதலாக ஏறும். லைட்டின் முகக் கண்ணாடி 5 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 20 அடி ஆழத்தில் அதன் மீது தண்ணீர் அழுத்துவது சுமார் 12 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையில் கிட்டத்தட்டப் பாதி! சாதா லைட் தாங்குமா?

"செல்போனே இருக்கே, அதில் லைட் இருக்கே" என்பார்கள் சிலர். கூடவே கூடாது! நனைந்த திரை விரலுக்குச் சரியாக வேலை செய்யாது. வழவழப்பான போன் கையை விட்டு நழுவினால், தோட்டோடு போனும் போய்ச் சேரும்.

மணிக்கட்டில் மாட்டும் வார் இருக்கிறதா? ஈரக் கையால் சுவிட்சைத் தள்ள முடிகிறதா? மேல் மூடி பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதா? வாங்கும்போதே பாருங்கள்.

அதிக வெளிச்சம் ஆபத்து!

"உள்ளதிலேயே அதிக வெளிச்சம் தர்ற லைட்டைக் குடுங்க" என்று கேட்பது வழக்கம். கலங்கிய தண்ணீரில் அது உதவாது.

மார்கழி மாதப் பனியில் பஸ் டிரைவர் முகப்பு விளக்கைத் தூக்கிப் போட்டால் என்ன நடக்கும்? எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி தெரியும். ரோடு தெரியாது. கண்மாய்த் தண்ணீரிலும் அதே கதைதான். மிதக்கும் மண் துகள்கள் எல்லாம் வெளிச்சத்தைக் கண்ணுக்கே திருப்பி அடிக்கும்.

கலங்கல் தண்ணீருக்கு, குவிந்து ஒரே கோடாகப் பாயும் வெளிச்சம் நல்லது. லைட்டை முகத்துக்கு நேரே பிடிக்காமல், கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் என்றால் பரவலான வெளிச்சமும் உதவும்.

இன்னொரு விஷயம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஆழத்தில் சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரியும். லைட்டைப் பக்கத்தில் கொண்டு போனால்தான் அசல் நிறம் வரும். தேடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஒரு தலைமுடி போதும்

லைட்டின் மரையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். தண்ணீரை வெளியே நிறுத்துவது அதுதான். அதன் மீது ஒரு மணல், ஒரே ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டால் போதும், தண்ணீர் உள்ளே வந்து விடும்.

மூடுவதற்கு முன் வளையத்தைத் துடைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். கம்பெனி சொன்ன பசையை மட்டும் கொஞ்சமாகத் தடவுங்கள். கையில் கிடைத்த எண்ணெயைத் தடவினால் சில ரப்பர்கள் உப்பிப் போகும்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடலில் முங்கிய லைட் என்றால் கட்டாயம் கழுவ வேண்டும். உப்புப் பட்டால் உலோகம் அரிக்கும். ரொம்ப நாள் சும்மா இருக்கப் போகிறது என்றால் பாட்டரியைக் கழற்றி வையுங்கள்.

காரைக்குடிக்காரர்களுக்கு அரிப்பும் பாட்டரியும் புது விஷயம் அல்ல. 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி ஆராய்ச்சி நிலையம் இந்த இரண்டையும்தான் ஆராய்ந்து வருகிறது.

உள்ளே தண்ணீர் புகுந்த லைட்டைத் திறக்கும்போது எச்சரிக்கை! பாட்டரியின் மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கலாம். இறுக மூடிய குழாய்க்குள் அது அடைபட்டுக் கிடக்கும். மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கலாம். முகத்தை விட்டு விலக்கிப் பிடித்து, மெதுவாகத் திறக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

முதலில் லைட் இறங்கட்டும்!

புது லைட்டை நம்பி ஆள் இறங்குவதற்கு முன், லைட்டைத் தனியாக இறக்கிப் பாருங்கள். கயிற்றில் கட்டுங்கள். கூடவே ஒரு கல்லையும் கட்டுங்கள். எரிய விட்டுக் கிணற்றின் அடி வரை இறக்குங்கள். அரை மணி நேரம் கழித்துத் தூக்கித் துடைத்துத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த லைட் கரைக்குத்தான் லாயக்கு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தெளிந்த கிணறாக இருந்தால், இறங்கிய லைட்டின் வெளிச்சத்தில் விழுந்த பொருள் மேலே இருந்தே தெரியலாம். இரும்புச் சாவி என்றால் கயிற்றில் காந்தம் கட்டி எடுத்து விடலாம். ஆள் இறங்கவே வேண்டாம்!

தாய்லாந்து குகையில்...

2018-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி தாய்லாந்தில் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்து பயிற்சியாளரும் ஒரு குகைக்குள் போனார்கள். மழை வெள்ளம் புகுந்து வழியை அடைத்து விட்டது. ஜூலை 2-ந் தேதி இங்கிலாந்து நாட்டு முங்கு வீரர்கள் இரண்டு பேர் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 8 முதல் 10 வரை 13 பேரும் உயிரோடு வெளியே கொண்டு வரப்பட்டார்கள்.

உலகத்தின் தேர்ந்த முங்கு வீரர்கள் அங்கே இருந்தார்கள். நல்ல விளக்குகள் இருந்தன. ஆனாலும் சேற்றுத் தண்ணீரில் பல இடங்களில் எதிரே எதுவும் தெரியவில்லை. வழி காட்டியது எது தெரியுமா? கயிறு! குகை நெடுகக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள், வந்தார்கள்.

அப்படியும் ஒரு உயிர் போனது. காற்று சிலிண்டர்களை உள்ளே வைத்து விட்டுத் திரும்பிய தாய்லாந்து முன்னாள் கடற்படை வீரர் சமன் குணன், ஜூலை 6-ந் தேதி இறந்து போனார். பயிற்சி பெற்றவருக்கே அந்தக் கதி.

குகையில் முங்குகிறவர்கள் மூன்று லைட் கொண்டு போவது வழக்கம். ஒன்று முக்கியமானது. இரண்டு மாற்று. இருட்டில் லைட்டால் வட்டம் போட்டால் "நலம்" என்று அர்த்தம். வேகவேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் "ஆபத்து, வாருங்கள்" என்று அர்த்தம்.

நம்ம தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்களிடம் லைட்டே கிடையாது. கயிறு இருந்தது. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே இருப்பவர் ஒரு இழுப்பு இழுத்தால், மேலே தூக்கி விடுவார்.

லைட்டுக்குத் தெரியாத ஆபத்து

கிணற்றில் இன்னொரு எமன் உண்டு. விஷக் காற்று. நாள்பட்ட கிணற்றில் மூச்சு விடக் காற்று போதாமல் இருக்கலாம். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கிறோம் என்று ஆயில் எஞ்சினை உள்ளே இறக்கினால், புகை ஆளையே சாய்த்து விடும். மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அது அணைந்தால் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும் எல்லா விஷ வாயுவும் இல்லை என்று சொல்ல முடியாது. டார்ச் லைட்டோ விஷக் காற்றிலும் ஜோராக எரியும்! அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஆள் விழுந்து விட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிற்றை வீசுங்கள். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேனை வீசுங்கள். 101-க்கோ, 112-க்கோ போன் செய்து தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். அவர்கள் வரும் வரை கிணற்றுக்குள் லைட்டை அடித்து, ஆள் கடைசியாகத் தெரிந்த இடத்தில் இருந்து கண்ணை எடுக்காதீர்கள். டார்ச் லைட்டால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

தோடு விழுந்தால்? அவசரம் ஏன்? லைட் கண்ணுக்கு. கயிறு உயிருக்கு. இரண்டும் இருந்து, கயிற்றைப் பிடிக்க மேலே இரண்டு பேரும் இருந்து, முங்கத் தெரிந்தவரும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தோடு எங்கேயும் ஓடிப் போகாது. நாளைக்கும் அங்கேயேதான் கிடக்கும்!