நச்சுக் காலாள்

சதுரங்கக் காய்களுள் ஆற்றல் மிக்கது அரசி. காலாளுக்கு 1, குதிரைக்கும் அமைச்சருக்கும் 3, யானைக்கு 5, அரசிக்கு 9 என மதிப்பிடுவர். அத்தகைய அரசியைப் பகைவர் எல்லைக்குள் தனியே செலுத்தி, ஒற்றைக் காலாளைக் கவர்வது அறிவுடைய செயலா? 1972ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியில் இவ்வினா இருமுறை எழுந்தது.

சோவியத் நாட்டின் போரிஸ் ஸ்பாஸ்கி வாகையர்; அமெரிக்கரான பாபி ஃபிஷர் அறைகூவல் விடுத்தவர். ஏழாம் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஃபிஷர், எட்டாம் நகர்த்தலில் தம் அரசியால் பி2 கட்டத்துக் காலாளை வெட்டினார். சதுரங்க நூலோர் அதற்கு இட்ட பெயரே ‘நச்சுக் காலாள்’ என்பது.

இதன் வரவு தெளிவானது: ஒரு காலாள் மிகுதி. ஆட்டம் நீண்டால் அம்மிகுதியே வெற்றிக்கு வித்தாகலாம். செலவோ கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. ஏழு, எட்டு, ஒன்பது என மூன்று நகர்த்தல்களை அரசி ஒன்றே விழுங்கிவிடுகிறது. அதற்குள் வெள்ளைப்படை அணிவகுத்துவிடும். கறுப்பரசனோ காப்பின்றி நடுவில் நிற்பான். அமைச்சர் இருவரும் இருந்த இடத்திலேயே இருப்பர். வெட்டிய அரசி மீண்டு வர வழியுண்டா என்பதையும் முன்னரே ஆராய வேண்டும். இந்தக் கடைசி ஆய்வே மிகக் கடினமானது. ஏனெனில், எதிரி இன்னும் ஆடாத நகர்த்தல்களை அவர் கண்கொண்டு பார்த்தாக வேண்டும்.

ஏழாம் ஆட்டத்தில் அரசி தப்பியது. ஆட்டம் சமனில் முடிந்தது. பதினோராம் ஆட்டத்திலும் ஃபிஷர் அதே காலாளை வெட்டினார். இம்முறை பதினான்காம் நகர்த்தலில் ஸ்பாஸ்கி, முன்னேறியிருந்த தம் குதிரையை அது புறப்பட்ட கட்டத்திற்கே திருப்பினார். பார்ப்பவர்க்கு அது பின்வாங்கலாகவே தோன்றும். உண்மையில், ஓரத்தில் நின்ற கறுப்பரசியைத் தாக்கி, அதனைச் சூழும் வலையின் முதற்கண்ணி அதுவே. அரசி இடம் மாறி இடம் மாறி ஒதுங்கியது. வெள்ளைக் காலாள்கள் ஒவ்வொன்றாய் நெருங்கின. இருபத்துநான்காம் நகர்த்தலில் காலாள் ஒன்று அரசியைத் தாக்க, அடுத்ததில் அரசி வீழ்ந்தது. முப்பத்தொன்றாம் நகர்த்தலில் ஃபிஷர் தோல்வியை ஏற்றார்.

இதனால் அந்த வெட்டு பிழையென்று முடிவுகட்டிவிட இயலாது. இன்றும் வல்லுநர் பலர் அதனை ஆடுகின்றனர். ஆயினும் பதினைந்தாம் ஆட்டத்தில் ஸ்பாஸ்கி அதே வழியில் காய்களை நகர்த்தியபோது, ஃபிஷர் அரசியைத் தொடவில்லை. அமைச்சரை ஒரு கட்டம் முன்னே வைத்தார். அவ்வாட்டம் சமனானது. போட்டியின் முடிவில் 12½–8½ என்ற புள்ளிக்கணக்கில் வாகை சூடியவர் ஃபிஷரே.