லாரியின் அடியில் எழும் கீச்சொலி: காரணமும் தீர்வும்

புனே: மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையில், புனேயின் கத்ரஜ் புதிய சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலத்துக்கு இறங்கும் நீண்ட சரிவு கனரக வாகனங்களைச் சோதிக்கும் பகுதியாகும். 2022 நவம்பர் 20-ஆம் தேதி இங்கு கட்டுப்பாட்டை இழந்த லாரியால் பல வாகனங்கள் சேதமடைந்தன. தமிழக லாரிகளும் இவ்வழியே மும்பை செல்கின்றன.

அந்த விபத்துக்கும் புஷ்ஷுக்கும் தொடர்பில்லை. எனினும், வளைவில் பாரம் ஒருபுறம் சாயும்போது முறுக்கேறி அதைத் தடுப்பது ஸ்டெபிலைசர் பார். அதைத் தாங்கிப் பிடிப்பது ரப்பர் புஷ். தூசியும் மழைநீரும் புகுந்து ரப்பர் இறுகினால், கம்பி உராய்ந்து கீச்சிடும். வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது இது தெளிவாகக் கேட்கும்.

புஷ்ஷின் மீது தண்ணீர் தெளித்ததும் ஒலி சற்று அடங்கினால், பழுது அங்குதான். அடங்காவிட்டால் லீஃப் ஸ்பிரிங்கையும் ஷேக்கிளையும் பார்க்க வேண்டும்.

பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவது பரவலான தவறு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். சில நாள் அமைதிக்குப் பின் இடைவெளிதான் பெருகும். சிலிகான் கிரீஸே ஏற்றது.

வெடித்த புஷ்ஷை மாற்றத்தான் வேண்டும், அதுவும் இருபுறமும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே அடியில் இறங்க வேண்டும். கம்பியின் துருவைத் தேய்த்து நீக்குவது அவசியம். கம்பியே தேய்ந்திருந்தால் புதிய புஷ் நிலைக்காது. வண்டியின் எடை சக்கரங்களில் இருக்கும்போதே கிளாம்ப் போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும்.

கீச்சொலி 'டக் டக்' என மாறினால், பாரம் ஏற்றும் முன் லாரியைப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே முறை.