தேய்ந்தது எங்கே போச்சு?

வா கண்ணா, இப்படித் திண்ணையில் உட்கார். நாலாம் வகுப்புச் சுட்டி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இரண்டு நாளாக அதையே அசை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"மாமா, நிலா தேயுதுன்னு சொல்றாங்க. என் ரப்பரும் தேயுது. ரெண்டும் ஒண்ணா?"

பார்த்தாயா, எப்படிப்பட்ட கேள்வி! ஒரே சொல்லை இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாள், உடனே சந்தேகம் வந்துவிட்டது. உனக்கும் இப்படி அடிக்கடி வருமே, எனக்குத் தெரியும். வெட்கப்படாமல் கேள்.

முதலில் ரப்பரைப் பார்ப்போம். நோட்டில் ஒரு தப்பை அழி. ஊதிவிடாதே, பொறு! தாளின் மேல் கறுப்பாகச் சுருள் சுருளாகக் கிடக்கிறதே, அது என்ன? ரப்பரின் துணுக்குகள்தான். பென்சில் கரியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. தாளும் ரப்பரும் உராயும்போது ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்கிறது. அந்தத் துணுக்குகளை எல்லாம் ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்தால், குறைந்த ரப்பர் முழுவதும் அதற்குள் இருக்கும். உன் செருப்பைக் கவிழ்த்துப் பார். குதிகாலில் ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று இருக்கும். அங்கிருந்த ரப்பர் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பொடியாகக் கிடக்கிறது.

நகைக்கடையில் அம்மா 'செய்கூலி, சேதாரம்' என்று பேசுவதைக் கேட்டிருப்பாய். தங்கத்தை வெட்டி, அராவி, மெருகேற்றும்போது துளித் துளியாகச் சிதறும். அந்த இழப்புக்குப் பெயர்தான் சேதாரம். ஆனால் பட்டறையைக் கூட்டிய குப்பையை யாரும் தெருவில் கொட்டமாட்டார்கள். அந்தத் தூசியில் தங்கப்பொடி இருக்கும். அதையும் பிரித்து எடுத்துவிடுவார்கள். கெட்டிக்காரர்கள்!

இதுவரை புரிந்ததா? தேய்ந்தது காணாமல் போகவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

இப்போது நிலாவுக்கு வருவோம். பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து அது தேய்கிறது. அப்படியானால் நிலாத் துணுக்குகள் எங்கே? மொட்டை மாடியில் கூட்டிப் பார்க்கலாமா?

இன்று ராத்திரி ஒரு வேலை செய். மாம்பழம் ஒன்றைக் கையில் எடு. அறையில் ஒரே ஒரு விளக்கு எரியட்டும். கையை நீட்டி, பழத்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்று. விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பழம் முழுக்க வெளிச்சம். பக்கவாட்டில் திரும்பினால் பாதி. விளக்கைப் பார்த்து நின்றால் உன் பக்கம் முழுக்க இருட்டு. எல்லா நேரமும் பழத்தின் ஒரு பாதி வெளிச்சத்தில்தான் இருந்தது. அதில் எவ்வளவு உன் கண்ணில் பட்டது என்பதுதான் மாறியது.

விளக்குதான் சூரியன், உன் தலைதான் பூமி, மாம்பழம் நிலா. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சுமார் இருபத்தொன்பதரை நாள். அதில் பாதி தேய்பிறை, பாதி வளர்பிறை. நிலா ஒரு துளியும் குறைவதில்லை, கூடுவதும் இல்லை. சோதனை முடிந்ததும் மாம்பழத்தைச் சாப்பிட்டுவிடு. அது மட்டும் நிஜமாகவே குறையும்.

இந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. குறைவதற்குத் தமிழில் என்னென்ன சொற்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். குளம் வற்றுகிறது. சோப்பு கரைகிறது. கீரை வாடுகிறது. காய்ச்சலில் கிடந்த பையன் இளைக்கிறான். மாற்றிச் சொல்லிப் பாரேன்! 'குளம் வாடியது', 'சோப்பு இளைத்தது'. சிரிப்பு வருகிறதல்லவா? குறைகிற விதம் ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் சொல்லும் வேறு.

வாடுவதை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். காலையில் விறைப்பாக நின்ற கொத்தமல்லி மாலையில் துவண்டு கிடக்கிறது. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. அவற்றுக்குச் செல் என்று பெயர். காற்றடைத்த பலூன் மாதிரி, ஒவ்வொன்றும் தண்ணீரால் புடைத்து நிற்கும். தண்ணீர் ஆவியாகக் காற்றில் போய்விட்டால் பலூன் தளரும், இலை தொங்கும். அந்தக் கொத்தமல்லியின் தண்டை நுனியில் கொஞ்சம் நறுக்கிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வை. ரொம்பக் காய்ந்து போகாமல் இருந்தால், சில மணி நேரத்தில் தலை நிமிரும். அழுகிய இலை அப்படி நிமிராது. கிருமிகள் அந்த அறைகளின் சுவரையே தின்றுவிட்டன. வாடியதற்கும் அழுகியதற்கும் அதுதான் வித்தியாசம்.

பாட்டியின் மாவடு ஜாடியைத் திறந்து பார்த்திருக்கிறாயா? உருண்டையாகப் போட்ட வடு தோல் சுருங்கிக் கிடக்கும். ஜாடியில் பாட்டி ஊற்றாத தண்ணீர் நிற்கும். உப்புதான் வடுவுக்குள் இருந்த தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன். ஊதாரித்தனமாகச் செலவு செய்பவனைப் பற்றி என்ன சொல்கிறோம்? 'காசை வாரி இறைத்தான்' என்கிறோம். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வயலுக்குப் பாய்ச்சுவதற்கு என்ன பெயர்? அதுவும் இறைப்பதுதான்! அழிக்கிறவனுக்கும் விளைவிக்கிறவனுக்கும் ஒரே சொல். வேடிக்கையாக இல்லை?

இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று ஊரில் சொல்வார்கள். இது வெறும் பேச்சு இல்லை. கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணிலும் பாறை வெடிப்பிலும் தண்ணீர் நிற்கிறது. நீ இறைத்தால் உள்ளே மட்டம் இறங்கும். உடனே சுற்றியுள்ள நீர் கசிந்து வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பும். அதுதான் ஊறுவது. யாருமே இறைக்காவிட்டால், விழுந்த சருகெல்லாம் உள்ளேயே மட்கும். கிருமிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு நாற்றம்தான்.

ஆனால் இந்தப் பழமொழி, மாடு பூட்டி இறைத்த கமலை காலத்தது. மாடு இழுத்து எவ்வளவு இறைத்துவிட முடியும்? இன்று மோட்டார் இருக்கிறது. மழை மண்ணுக்குள் இறக்குவதைவிட வேகமாக மோட்டார் மேலே எடுத்தால், சுற்றியுள்ள நீர்மட்டமும் சேர்ந்தே இறங்கும். அப்போது இறைத்த கிணறும் ஊறாது. அதனால்தான் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். உன் வீட்டு மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போகிறது என்று இன்றே போய்ப் பார். சாக்கடைக்குப் போகிறதா, மண்ணுக்குள் போகிறதா?

'பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தான்' என்றும் சொல்கிறோம். தண்ணீர் அவ்வளவு மலிவா? இதைச் சொன்னவர் ஆற்றங்கரைக்காரராக இருந்திருப்பார்! 2019 ஜூலையில், தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர்.

ஒரு கணக்குப் போடுவோம், பயப்படாதே. குழாய் சரியாக மூடவில்லை. விநாடிக்கு ஒரு சொட்டு. ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆக 86,400 சொட்டு. ஏறக்குறைய இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். வகுத்துப் பார். 4,320 மில்லி, அதாவது நாலு லிட்டருக்கும் மேல்! மூன்று நான்கு நாளில் ஒரு குடம் நிறைந்துவிடும். அந்தத் தண்ணீர் உலகத்தை விட்டுப் போகவில்லை. சாக்கடையில் இருக்கிறது. இருந்தும் உனக்கும் எனக்கும் உதவாது. வீண் என்கிறோமே, அது இதுதான்.

இப்போது உனக்கு ஒரு புதிர். சாமி மாடத்தில் மூடி சரியாக மூடாத கற்பூர டப்பா இருக்கிறதா? இன்று ஒரு வில்லையின் அளவைத் தாளில் வரைந்து வைத்துக்கொள். வாயில் வைத்துவிடாதே, கையை நன்றாகக் கழுவு. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரைந்து பார். யாரும் ஏற்றவில்லை, யாரும் தேய்க்கவில்லை, தண்ணீரும் படவில்லை. ஆனாலும் வில்லை சிறுத்திருக்கும். எங்கே போச்சு?

துப்பு ஒன்று தருகிறேன். டப்பாவைத் திறந்ததும் உன் மூக்கு என்ன சொல்கிறது? விடையை எழுதி அனுப்பு, மாமா காத்திருக்கிறேன்.