கரஸில் (தொலைநிலைக் கல்வியில்) எம்.ஏ.: எங்கே சேர்வது, எதைப் பார்த்துச் சேர்வது?

"கரஸ்ல எம்.ஏ. படிச்சா செல்லுமா?" வரலாறோ தமிழோ பொருளாதாரமோ மேற்கொண்டு படிக்க நினைக்கிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2020ஆம் ஆண்டு விதிமுறைகளே அதற்கு ஆதாரம். அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் நேரடியாகக் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்கின்றன அவை.

ஆனால் அந்த அனுமதி பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஒரேயடியாகக் கிடைப்பதில்லை. இந்தப் பாடத்துக்கு, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை என்று தனித்தனியாகத்தான் தருகிறார்கள். பெயரை மட்டும் நம்பிச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. தலைமுறைகளாகத் தபாலில் பாடம் அனுப்பிப் பட்டம் தந்துவந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் தொலைநிலைக் கல்வி அனுமதி இருந்தது என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. பொது அறிவிப்பு வெளியிட்டது. அதன்பின் அனுமதியின்றி நடத்தப்பட்ட படிப்புகள் செல்லாது என்றும் அதில் சொன்னது. பல்கலைக்கழகம் பிறகு அனுமதி பெற்றுவிட்டது. ஆனாலும் இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்களுக்கு அந்த அறிவிப்பு எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்! படித்தது வீண் போகாது என்றாலும், வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்பது படிப்பல்ல, காகிதம்.

எனவே முதல் வேலை, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டி.இ.பி.யின் இணையதளத்தைத் திறந்து, நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகம், பாடம், கல்வியாண்டு ஆகிய மூன்றும் சேர்ந்து பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் பட்டியல் வேறு வேறு. ஒன்றில் இருக்கும் பாடம் மற்றதில் இல்லாமல் போகலாம். போன வருடம் இருந்தது இந்த வருடமும் இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. எம்.ஏ. உளவியலைப் பாருங்கள். அத்தனை பேர் விரும்பிச் சேர்ந்த அந்தப் பாடத்தை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் அது வருகிறது என்பது காரணம்.

2024 முதல் ஒவ்வொரு மாணவரும் டி.இ.பி. ஐடி ஒன்றை உருவாக்கிக்கொண்ட பிறகுதான் சேர முடியும். முதலில் ஏ.பி.சி. எனப்படும் கிரெடிட் வங்கிக் கணக்கு, அதை வைத்து இந்த ஐடி. இதை நீங்களே செய்யுங்கள். 'எல்லாம் நாங்க பாத்துக்கறோம், பணத்த மட்டும் கட்டுங்க' என்று சொல்லும் மையங்களிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கட்டணமும் பல்கலைக்கழகத்தின் இணையதளம் வழியாக நேரடியாகப் போகட்டும். மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தவோ, தனியார் மையத்துக்கு உரிமம் கொடுத்து நடத்தவோ விதி இடம் தருவதில்லை. ஆகவே, வடக்கே எங்கோ இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரில் உங்கள் ஊர்க் கடைத்தெரு மாடியில் ஒருவர் 'ஒரே வருடத்தில் எம்.ஏ.' என்று போர்டு வைத்திருந்தால், உள்ளே போய் விசாரிக்கவே வேண்டாம்.

அரசு வேலைக்காகப் படிப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு, மூன்றாண்டு இளநிலை என்ற வரிசை முக்கியம். இளநிலைப் பட்டமே இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரே எம்.ஏ. வாங்கும் வழி ஒரு காலத்தில் இருந்தது. அப்படி வாங்கிய பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அடுத்தது, முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதுகிறவர்கள் கிராஸ் மேஜர் என்று சொல்லும் சிக்கல். பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. வரலாறு என்று மாற்றிப் படித்தால் அறிவுக்கு நல்லதுதான். ஆனால் ஆசிரியர் தேர்வு வாரியத்தில் தடையாகலாம். அவர்களின் அறிவிக்கையை வரி வரியாகப் படித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் நெட் தேர்வுக்கு எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும் என்பதை முதல் செமஸ்டரிலிருந்தே நினைவில் வைக்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50.

இவ்வளவும் ஒரு மாலை நேர வேலை. பட்டம் செல்லுமா என்று பார்த்து முடித்தபின்தான் உண்மையான தேர்வே தொடங்குகிறது என்பது என் எண்ணம். கலைப் பாடங்களில் எம்.ஏ. என்பது வாசிப்பதும் எழுதுவதும்தான். ஆய்வகம் இல்லை, கருவி இல்லை. என்ன படிக்கத் தருகிறார்கள், நாம் எழுதியதை யார் படிக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளில் அதன் தரம் அடங்கிவிடுகிறது.

முதல் கேள்விக்குச் சேரும் முன்பே விடை கண்டுபிடிக்கலாம். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), தன் பாடப் புத்தகங்களை இ-ஞான்கோஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் யாரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் எடுக்க நினைக்கும் பாடத்தின் ஒரு அலகை இறக்கிப் பொறுமையாகப் படியுங்கள். தொடக்கத்தில் நோக்கங்கள், நடுவில் 'உங்கள் முன்னேற்றத்தைச் சோதியுங்கள்' என்று வெற்று வரிகளோடு கேள்விகள், கடைசியில் மேலும் படிக்க நூல்கள். ஆசிரியர் எதிரில் இல்லாத குறையை ஈடுகட்டத்தான் இந்த அமைப்பு. அந்தக் கடைசி நூல் பட்டியலில்தான் என் கண் முதலில் போகும். அறிஞர்கள் ஒருவரோடு ஒருவர் மாறுபடுவதைக் காட்டும் நூல்கள் அதில் இருந்தால் அது நல்ல பாடம். பட்டியலே இல்லாமல், தேதிகளும் தலைப்புகளுமாக நோட்ஸ் போல முடிந்தால் யோசியுங்கள். மற்றப் பல்கலைக்கழகங்களிடமும் மாதிரிக்கு ஒரு பாடம் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மொழியையும் சேர்த்துப் பாருங்கள். இக்னோவின் எம்.ஏ. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. தமிழில் படித்துத் தமிழில் எழுதினால்தான் சிந்தனை ஓடும் என்பவர்கள் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும், சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் தொலைநிலைப் பிரிவுகளையும் பார்க்கலாம். பிடிக்காத மொழியில் எழுதி வாங்கும் மதிப்பெண்ணைவிட, பிடித்த மொழியில் தெளிவாகச் சிந்திப்பது மேல்.

இரண்டாவது கேள்விக்கு இணையதளத்தில் விடை கிடைக்காது. ஏற்கெனவே படித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அசைன்மென்ட் திருத்தித் திரும்பி வந்ததா? ஓரத்தில் எதையாவது குறித்திருந்தார்களா, வெறும் மதிப்பெண்தானா? சனி, ஞாயிறு வகுப்புகள் நடந்தனவா? தேர்வு முடிவு எத்தனை மாதத்தில் வந்தது, பட்டச் சான்றிதழ் எப்போது கைக்கு வந்தது? ஒரே பல்கலைக்கழகத்தில்கூட ஒரு மையத்துக்கும் இன்னொரு மையத்துக்கும் இந்தப் பதில்கள் மாறும் என்பதால், உங்கள் மாவட்டத்தில் படித்தவரையே தேடிப் பிடியுங்கள். இக்னோவில் இறுதி மதிப்பெண்ணில் 30 சதவீதம் வரை அசைன்மென்ட்டுக்கு உண்டு. கைடு பார்த்து எழுதித் தள்ளுகிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால், உங்கள் எழுத்தை இன்னொருவர் படித்துக் குறை சொல்லக் கிடைக்கும் ஒரே வாய்ப்பையும் இழக்கிறீர்கள்.

நேரக் கணக்கையும் போட்டுவிட வேண்டும். தொலைநிலையில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 80 கிரெடிட் எம்.ஏ.வுக்கு 2,400 மணி நேரம். இரண்டு வருடத்தில் வாரத்துக்குச் சுமார் 23 மணி. வேலைக்குப் போய்க்கொண்டு இது பலருக்கு முடியாது. இக்னோவில் இரண்டு வருட எம்.ஏ.வை நான்கு வருடம் வரை இழுத்து முடிக்க இடமுண்டு. சேரும் இடத்தில் அந்த அவகாசம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலகம் எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் நூலகம் உங்களுக்கு இருக்காது. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அந்தக் குறையைப் பெருமளவு போக்கும். மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். தமிழ் படிப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் வீட்டிலிருந்தே திறக்கும். சேர்க்கை விண்ணப்பம் போடும் அதே வாரத்தில் நூலக அட்டையும் வாங்கிவிடுங்கள்.