கேஸில் ஜெயித்த பாகவதர், சினிமாவில் ஏன் மீண்டும் ஜெயிக்கவில்லை? கோவையில் ஒளிந்திருக்கும் பதில்

பொள்ளாச்சியில் இருக்கும் எங்க அம்மிச்சியிடம் போன வாரம் போனில் கேட்டேன்: “எம்.கே.தியாகராஜ பாகவதரைத் தெரியுமா?”

“தெரியாம என்ன சாமி? கொலைக் கேஸ்ல உள்ள போனாரே, அவருதானே?”

சொல்லி முடித்த கையோடு ‘ஹரிதாஸ்’ படப் பாட்டு ஒன்றை முனக ஆரம்பித்துவிட்டார். ஒரு வரிகூடத் தப்பவில்லை. பாட்டு முடிந்ததும் சொன்னேன்: “அந்தக் கேஸ்ல அவருக்கு விடுதலை கிடைச்சுருச்சு அம்மிச்சி.”

“அப்படியா? எனக்கு உள்ள போனதுதான் தெரியும்.”

பாட்டு நினைவிருக்கிறது. கைது நினைவிருக்கிறது. தீர்ப்பு மட்டும் நினைவில் இல்லை. சர்ச்சையில் சிக்கிய ஒரு பாடகர் இன்று இறந்துபோனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் அழும் எமோஜி போடுவார்கள். மீதிப் பேர் பழைய ஸ்க்ரீன்ஷாட்டைத் தேடி எடுப்பார்கள். நவம்பர் 1, பாகவதரின் நினைவு நாள். ஸ்க்ரீன்ஷாட் இல்லாத காலத்திலேயே இதெல்லாம் அனுபவித்த மனிதர் அவர்.

யார் இந்த பாகவதர்?

தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் என்று அவரைச் சொல்வார்கள். மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, நாடக மேடையில் பாடிப் பெயர் வாங்கியவர். 1934-ல் ‘பவளக்கொடி’ மூலம் சினிமாவுக்கு வந்தார். 1937-ல் வந்த ‘சிந்தாமணி’ ஒரே தியேட்டரில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. தோளில் புரளும் முடி, பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன். அந்த முடிக்கே ‘பாகவதர் கிராப்’ என்று பெயர் வந்து, ஊர் ஊராக இளைஞர்கள் வளர்த்துத் திரிந்தார்கள்.

அவர் நடித்தது மொத்தமே 14 படங்கள். அதில் 9 படங்கள் 1934-க்கும் 1944-க்கும் இடையில் வந்தவை. மீதி 5 படங்கள் சிறைக்குப் பிறகு வந்தவை. அவர் கதையின் இரண்டு பாதிகள் இவைதான்.

கோவைக்கு என்ன தொடர்பு?

நிறையவே இருக்கிறது. இன்றைக்கு சிங்காநல்லூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது நமக்கு டிராஃபிக் மட்டும்தான் கண்ணில் படும். 1940-களில் தமிழ் சினிமாவின் முக்கியமான முகவரிகளில் ஒன்று அங்கிருந்த சென்ட்ரல் ஸ்டுடியோஸ். ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) என்று பாகவதரின் உச்சகட்டப் படங்கள் அங்கே உருவானவை. ‘சிவகவி’யைத் தயாரித்தவர் பட்சிராஜா நிறுவனத்தை நடத்திய கோவைக்காரர் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு. கொலை வழக்கில் பாகவதரோடு சேர்த்து இவர் பெயரும் வருகிறது.

அந்த வழக்கு என்ன?

சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. பாகவதர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகை நின்றது. லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற இன்னொரு பத்திரிகையோடு வந்தார். விஷயம் மட்டும் மாறவில்லை.

1944 நவம்பர் 8-ம் தேதி, சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைது. நாயுடுவும் கைதானார்.

1945 மே மாதம், ஜூரியின் பெரும்பான்மை முடிவுப்படி பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. நாயுடு விடுவிக்கப்பட்டார். மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொன்னது பிரிவி கவுன்சில். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை.

கைதிலிருந்து விடுதலை வரை இரண்டு ஆண்டுக்கும் மேல். அப்படியானால் லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? இன்றுவரை பதில் இல்லை. மஞ்சள் பத்திரிகைக்காரர் என்று எளிதில் ஒதுக்கிவிட்டோம். ஆனா, அவரும் கொலையான ஒரு மனிதர். அவருக்கும் நீதி கிடைக்கவில்லை. பாகவதருக்காக வருத்தப்படும்போது இதையும் மறக்கக் கூடாது.

ரசிகர்கள் கைவிட்டார்களா?

‘ஜெயிலுக்குப் போனதும் ஜனங்க மறந்துட்டாங்க’ என்பதுதான் நாம் வழக்கமாகக் கேட்கும் கதை. அங்கேதான் ஒரு ட்விஸ்ட்.

‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு ரிலீஸ். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. 1944, 1945, 1946. கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த ஓட்டத்தின் பெரும் பகுதியில் படத்தின் ஹீரோ சிறையில் இருந்தார். உள்ளே கைதி. வெளியே அதே முகத்தைப் பார்க்க டிக்கெட் வாங்க ஆள். ரசிகர்கள் உடனே கைகழுவிவிட்டார்கள் என்பது பொருந்தவில்லை.

அப்போ எங்கே தவறியது?

அதே வழக்கில் சிக்கிய மற்ற இருவரையும் பார்த்தால் விடை கிடைக்கும்.

கலைவாணர் பாகவதரோடு உள்ளே இருந்து, பாகவதரோடு வெளியே வந்தவர். 1949-ல் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யில் நடித்தார். 1951-ல் ‘மணமகள்’ படத்தை இயக்கினார். அவரது சிரிப்பும் சீர்திருத்தப் பேச்சும் புதிய காலத்தோடு ஒத்துப்போயின. நாயுடு கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோவை எழுப்பினார். 1954-ல் அவர் எடுத்த ‘மலைக்கள்ளன்’ குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. இவர்கள் பெயரிலும் அதே கறை பட்டதுதான். ஆனா, மீண்டு வந்தார்கள்.

பாகவதரிடமிருந்து வழக்கு பறித்தது காலத்தை. அவர் உள்ளே போனபோது, ஹீரோ என்றால் பாடத் தெரிந்தவர். வெளியே வந்தபோது, ஹீரோ என்றால் வசனம் பேசத் தெரிந்தவர். பாட்டுக்குப் பின்னணிப் பாடகர் போதும். அவர் விடுதலையான அதே 1947-ல், ‘ஹரிதாஸ்’ எடுத்த அதே சென்ட்ரல் ஸ்டுடியோஸில் உருவான ‘ராஜகுமாரி’ வெளியானது. கதாநாயகன் எம்.ஜி.ஆர். வசனத்தில் கலைஞர் கருணாநிதியின் கை இருந்தது. அந்த எம்.ஜி.ஆர்., 1941-ல் பாகவதரின் ‘அசோக்குமார்’ படத்தில் துணை வேடத்தில் வந்தவர்.

இன்னொன்றும் உண்டு. பாகவதர் பாணியில் பாடிப் பழகிய டி.எம்.சௌந்தரராஜனுக்கு முதல் வாய்ப்பு தந்தவர், ‘ஹரிதாஸ்’ இயக்குநர் சுந்தர்ராவ் நட்கர்னி. படம் ‘கிருஷ்ண விஜயம்’ (1950). நாலு வருஷம் கழித்து ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாடினார் டி.எம்.எஸ். பாகவதரை ரசித்து வளர்ந்த குரல், பாகவதரோடு கைதானவர் தயாரித்த படத்தில், பாகவதர் படத்தில் சின்ன வேடம் போட்டவருக்காக ஒலித்தது. எல்லாம் நம்ம கோவையில்தான். அவர் வளர்த்த ரசனை அழியவில்லை. வேறு ஆட்களின் கைக்குப் போயிருந்தது.

‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’, ‘புதுவாழ்வு’ என்று அவர் முயற்சி செய்துகொண்டேதான் இருந்தார். பழைய வெற்றி திரும்பவில்லை.

கடைசிக் கச்சேரி

சினிமா குறைந்தாலும் கச்சேரி குறையவில்லை. சர்க்கரை நோய், மங்கிய பார்வை, அதோடும் பாடினார். 1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் ஒரு கச்சேரி செய்தார் என்றும், அதை அடுத்தே உடல்நிலை மோசமானது என்றும் அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. சென்னை பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், நவம்பர் 1-ம் தேதி இறந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. கடைசிப் படமான ‘சிவகாமி’ மறு ஆண்டுதான் வெளிவந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

புகழின் உச்சியில் பாடியது சிங்காநல்லூரில். ஓய்ந்த காலத்தில் பாடியது பொள்ளாச்சியில். இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான்.

நாம் எதை நினைவில் வைக்கணும்?

நீதிமன்றம் ஒருவருக்கு விடுதலையைத் திருப்பித் தரலாம். போன வருஷங்களைத் தர முடியாது. நம் வாயிலிருந்து அந்தக் ‘கொலைக் கேஸ்’ என்ற சொல்லை எடுக்கவும் அதனால் முடியாது. அது நாம் செய்ய வேண்டிய வேலை.

கைது என்றால் பிரேக்கிங் நியூஸ். விடுதலை என்றால் உள்பக்கத்தில் நாலு வரி. செய்தி எழுதும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். கைது செய்தியை ஷேர் செய்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பையும் ஷேர் செய்கிறோம்? குற்றம் நிரூபணமானவரைக் கொண்டாட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒருவரைப் பற்றிப் பேசினால் கதையை முழுசாகச் சொல்லுவோம், அவ்வளவுதான்.

நேற்று அம்மிச்சி மறுபடி போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பாகவதர் பேச்சு எடுத்தாராம்.

“அவரும் கொலைக் கேஸுன்னுதான் ஆரம்பிச்சாரு. இல்லீங்க, அதுல விடுதலை ஆயிட்டாருங்கன்னு நாஞ் சொன்னேன்.”

அப்புறம் அந்தப் பாட்டையும் பாடிக் காட்டினாராம்.