நாலு கோடிப் பாட்டு



ராயகிரி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்களுக்கு ஜமீன் அரண்மனையும் புலவர்களும் புதிதல்ல. சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் காவடிச்சிந்து பாடியவர். ஆனால் அரண்மனைச் சோறு எல்லாப் புலவருக்கும் சுகப்பட்டதில்லை.

அதற்கு ஒரு பழங்கதை உண்டு. அரசன் ஒருவன், சோழன் என்பார் சிலர், பாண்டியன் என்பார் சிலர், தன் சபைப் புலவர்களுக்கு ஒரு கெடு வைத்தான்: விடிவதற்குள் நாலு கோடிப் பாட்டு வேண்டும். நொடிக்கு ஒன்றாகப் பாடினாலும் அதற்கு ஓராண்டும் மூன்று மாதமும் ஆகும்!

புலவர்கள் வாடிப்போய் உட்கார்ந்திருந்தபோது அங்கே வந்தார் ஔவையார். விஷயத்தைக் கேட்டார், நாலே நாலு பாட்டைச் சொன்னார். மதிக்காதவர் வாசலை மிதிக்காமல் இருப்பது ஒரு கோடிக்குச் சமம். வருந்தி அழைத்து விருந்து வைக்காதவர் வீட்டில் உண்ணாதிருப்பது இன்னொரு கோடி. கோடி கொடுத்தாவது நல்ல குடிப்பிறந்தவரோடு சேர்வது மூன்றாவது. எத்தனை கோடி கொடுத்தாலும் நாக்குப் பிறழாதிருப்பது நான்காவது. ஆக, நாலு கோடி! அரசன் எண்ணிக்கை கேட்டான். ஔவை மதிப்பைக் கொடுத்தார்.

இதில் ஒரு குறும்பும் உண்டு. முதல் இரண்டு பாட்டும், சோறு போட்டு மரியாதையைப் பிடுங்கிய அந்த அரசனுக்கே வைத்த குட்டு. நான்கு பாடல்களும் ஔவையாரின் தனிப்பாடல்களாக இன்றும் அச்சில் கிடைக்கின்றன; நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.