அளவு மீறும் தழும்பு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் சீமைக் கருவேல முள் ஆழமாகக் கிழித்தால், அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. டி.ஜி.எப்.-பீட்டா என்னும் புரதம் சைகை கொடுக்க, செல்கள் கொலாஜன் என்னும் நாரை உற்பத்தி செய்து காயத்தை மூடுகின்றன. காயம் ஆறியதும் சைகை ஓய வேண்டும். ஓயாவிட்டால் நுரையீரல், கல்லீரல் போன்ற உறுப்புகளில் நார் மண்டி, அவை விறைத்துவிடும்.

இச்சைகையை அடக்குவது எப்படி? புரதத்துக்கான மூலக் குறிப்பு ஜீனில் இருக்கிறது. தூது ஆர்.என்.ஏ. அதன் நகல், நெசவாளிக்குக் கடையிலிருந்து வரும் சீட்டைப் போன்றது. சீட்டைக் கிழித்துவிட்டால் சேலை நெய்யப்படாது. கடையின் பேரேடோ அப்படியே இருக்கும். தூது ஆர்.என்.ஏ.வுக்குப் பொருந்தும் குறு ஆர்.என்.ஏ.வை உள்ளே செலுத்தினால், செல்லே அந்தத் தூதை வெட்டிவிடுகிறது. ஜீனுக்குச் சேதமில்லை.

இரட்டை இழை ஆர்.என்.ஏ. இவ்வாறு ஜீனை ஊமையாக்குவதை 1998-இல் புழுக்களில் கண்டறிந்த ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 2006-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித செல்களில் இம்முறையால் சைகையைக் குறைத்தபோது கொலாஜனும் குறைந்தது.

ஆனால் உடல் முழுவதும் சைகையை அடக்கிவிட்டால், சாதாரணக் காயம் ஆறுவதும் கடினமாகிவிடுமல்லவா? ஆகவே, நோயுற்ற உறுப்புக்கு மட்டும் குறு ஆர்.என்.ஏ.வைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியையே விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர்.